ஜூலையில் காணாமல் போகும் பாதை

மரத்தில் கண் மட்டத்தில் ஓர் ஆரஞ்சுப் பட்டை. இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம். அதைப் பார்த்ததும் அடுத்த பட்டையைத் தேட வேண்டும். மே மாதத் தொடக்கத்தில் இது சின்னப் பிள்ளை வேலை. ஒரு பட்டைக்கு அடியில் நின்றால் அடுத்ததும் அதற்கு அடுத்ததும் தானாகவே கண்ணில் படும். ஜூலை நடுவில் அதே இடத்தில் நின்றால் பச்சைதான் தெரியும்: இடுப்பளவு பெரணி, மார்பளவு முட்செடி, முகத்துக்கு நேரே பீச் மரத்தின் இளங்கிளை. பாதை எங்கே இருக்கிறது என்று கண்ணைக் கேட்டுப் பயனில்லை, பாதத்தைத்தான் கேட்க வேண்டும். மண் கெட்டியாக இருந்தால் பாதை. மெத்தென்று அமுங்கினால் காட்டுக்குள் போய்விட்டோம் என்று அர்த்தம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வடக்கு எல்லையை ஒட்டிய பாட்டர் கவுண்டியில் இருக்கிறது இந்தப் பாதை. சஸ்குவஹானக் ட்ரெயில் சிஸ்டம் என்று பெயர். அந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் வாழ்ந்த பூர்வகுடியின் பெயரைத்தான் காட்டுக்கும் பாதைக்கும் வைத்திருக்கிறார்கள். சுமார் 84 மைல், அதாவது 135 கிலோமீட்டர் நீளமுள்ள வட்டப்பாதை. கூடாரம், படுக்கை, அடுப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பினால் ஒரு வாரம் போலப் பிடிக்கும். கிளம்பிய இடத்துக்கே வந்து சேரலாம் என்பதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பேருந்து எட்டிப் பார்க்காத ஊர்ப்பக்கம் இது. நேர்ப்பாதையாக இருந்தால் மறுமுனையிலிருந்து திரும்பி வர ஆளும் வண்டியும் ஏற்பாடு செய்ய வேண்டும். இங்கே அந்தக் கவலை இல்லை. வடக்கே டென்டன் ஹில் பக்கத்தில், 6ஆம் எண் நெடுஞ்சாலையோரம் நிறுத்திய கார் அங்கேயே காத்திருக்கும்.

கவுண்டியின் மொத்த மக்கள்தொகையே சுமார் 16,000. நியூ ஜெர்சியிலிருந்தோ ஃபிலடெல்ஃபியாவிலிருந்தோ காரில் ஐந்து மணி நேரத்தில் வந்துவிடலாம். அங்குள்ள நம் ஜனங்கள் கோடை விடுமுறை விட்டதும் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை நயாகராவுக்கு அழைத்துக்கொண்டு போவார்கள். இந்தக் காட்டின் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள்.

மலை என்று எல்லோரும் சொன்னாலும் உண்மையில் இது ஒரு பீடபூமி. ஓடைகள் பல லட்சம் ஆண்டுகளாக அறுத்து அறுத்துத் துண்டு துண்டாக்கிய பீடபூமி. அதிக உயரமே 2,500 அடி அளவில்தான். சிகரம் தொட்டோம் என்று படம் எடுத்துப் போட ஒன்றும் கிடைக்காது. மேட்டில் ஏறினால் தட்டையான காடு, அடுத்த மைலில் பள்ளத்துக்கு இறக்கம், ஓடை, மறுபடி ஏற்றம். முழங்காலுக்குத்தான் இதன் கணக்குத் தெரியும். இதே கவுண்டியில் ஒரு மேடு உண்டு: அதன் ஒரு பக்கம் விழும் மழைநீர் சஸ்குவஹானா ஆறு வழியாகச் செசபீக் விரிகுடாவுக்குப் போகும், இன்னொரு பக்கம் விழுவது மெக்ஸிகோ வளைகுடாவுக்கு, மூன்றாவது பக்கம் விழுவது ஜெனசீ ஆறு வழியாகக் கனடா எல்லைப் பக்கம். மூன்று கடல்களுக்கு நீர் பிரிகிற ஊர், ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் மேட்டுப் பகுதியில் நடக்கும்போது குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடைக்காமல் நாக்கு வறளும்.

வெயில் 27, 28 டிகிரி இருக்கும். மதுரைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். இங்கே ஆளைப் படுத்துவது புழுக்கம். மரங்களுக்கு அடியில் காற்று அசையாது. பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். மழை பெய்யாத நாளிலும் காலையில் நனையாமல் தப்ப முடியாது. இரவெல்லாம் பெரணி இலைகளில் கோத்து நிற்கும் பனித்துளி அத்தனையையும் முதலில் நடப்பவர்தான் தன் கால்சட்டையால் துடைத்துக்கொண்டு போக வேண்டும். நடக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தொடை வரை ஈரம், பிறகு பூட்ஸுக்குள் சளக் சளக். நாலு பேர் சேர்ந்து போனால் யார் முன்னால் நடப்பது என்பதில் காலையிலேயே பேரம் ஆரம்பித்துவிடும்.

சுணையும் சாறும்

ஓடையோரப் பள்ளங்களில் இருக்கிறது அசல் சோதனை. வுட் நெட்டில் என்ற செடி அங்கே பாத்தி கட்டி வளர்த்ததுபோல் மண்டிக் கிடக்கும். நம்மூர்க் காஞ்சொறிக்கு இது சொந்தமில்லை, வேறு குடும்பம். தொழில் மட்டும் ஒன்று. தண்டிலும் இலைக்காம்பிலும் மெல்லிய சுணைகள், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணாடி இழையாய் மின்னும். உள்ளே துளை உள்ள சுணை அது. தோலில் உரசியதும் நுனி ஒடிந்து, உள்ளிருக்கும் திரவம் இறங்கிவிடும். முதலில் நாலைந்து இடத்தில் சுருக்கென்று குத்தும். அடுத்த நொடியில் அந்த இடமெல்லாம் ஒன்று சேர்ந்து எரியும். புழுக்கமாக இருக்கிறதே என்று அரைக்கால் சட்டையோடு வந்தவர் அந்தப் பள்ளத்தைக் கடந்ததும் ஓடைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வார்.

அதே ஈரத்தில், அதன் பக்கத்திலேயே, ஜுவல்வீட் என்ற இன்னொரு செடி நிற்கும். இது நம் காசித்தும்பைக்கு ஒன்றுவிட்ட உறவு. நீர் நிறைந்த தண்டு. கிள்ளிக் கசக்கினால் வழவழவென்று சாறு வரும். எரிகிற இடத்தில் அதைத் தடவிக்கொள்வது இங்குள்ளவர்கள் வழக்கம். சாறு எரிச்சலைத் தணிக்கிறதா, குளிர்ச்சியாக ஏதோ தடவினோம் என்ற ஆறுதல் தணிக்கிறதா என்று எரிகிற நேரத்தில் யாரும் ஆராய்வதில்லை.

பட்டை உரித்த கோடைகள்

இத்தனை பச்சையைப் பார்த்தால் ஆதிநாள் தொட்டுக் கை படாத காடு என்றுதான் தோன்றும். ஆனால் நூற்றுப் பத்து வருடங்களுக்கு முன் இங்கே வந்திருந்தால் ஒதுங்க நிழல் கிடைத்திருக்காது. இந்தக் காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் செய்தியே இதுதான். முகத்தில் அடிக்கும் ஒவ்வொரு இலைக்கும் பின்னால் ஒரு மர வியாபாரம் இருக்கிறது.

முதலில் போனது வெள்ளை பைன். கப்பலுக்குப் பாய்மரத் தண்டாகவும், கட்டடங்களுக்குப் பலகையாகவும் வெட்டி, ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோனார்கள். அடுத்தது ஹெம்லாக். இருண்ட நிழல் தரும் பெரிய மரம், இன்றைக்கும் பென்சில்வேனியாவின் மாநில மரம் அதுதான். அன்றைக்கு மரத்தைவிட அதன் பட்டைக்கு மதிப்பு. நம்மூரில் ஆவாரம்பட்டை செய்த வேலையை அங்கே ஹெம்லாக் பட்டை செய்தது. அதிலிருக்கும் டானினை வைத்துத்தான் தோல் பதனிட்டார்கள். செருப்புக்கும், குதிரைச் சேணத்துக்கும், ஆலை இயந்திரங்களை ஓட்டும் வாருக்கும் தோல் வேண்டியிருந்தது. மரத்தில் நீரோட்டம் இருக்கும் மே முதல் ஆகஸ்ட் வரைதான் பட்டை சுலபமாகக் கழன்று வரும். எனவே கோடைதான் வெட்டும் பருவம். இன்று முதுகுப்பையோடு ஆட்கள் வேர்த்து நடக்கும் இதே மாதங்களில், அன்று கூலியாட்கள் மரத்தைச் சாய்த்துப் பட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பத்தில் பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, உரித்த மரத்தை அப்படியே அழுக விட்டதும் உண்டு.

பிறகு ரயில் வந்தது. பல்சக்கரம் பூட்டிய ஷே வகை இன்ஜின்கள் செங்குத்தான பள்ளத்தாக்குகளிலும் ஏறின. ஓடை இருந்த இடமெல்லாம் தண்டவாளம் போட்டார்கள். பஃபலோ நகரத்து குட்இயர் சகோதரர்கள் இங்கே ஆலைமேல் ஆலையாகக் கட்டினார்கள். பாதை தொட்டுப் போகும் கிராஸ் ஃபோர்க் என்ற ஊரில் லாக்கவானா கம்பெனி 1895இல் அறுவை ஆலை திறந்தது. ஊரில் இரண்டாயிரம் பேருக்கு மேல் குடியேறினார்கள். 1909இல் ஆலை மூடியது. மரம் தீர்ந்தது, ஜனமும் கலைந்தது. இன்று அது சாலையோரச் சின்னக் கிராமம். நாள் கணக்கில் நடப்பவர்கள் சூடாக எதையாவது சாப்பிட ஆசைப்பட்டு அங்கே ஒதுங்குகிறார்கள்.

பக்கத்தில் ஆஸ்டின் என்றொரு ஊர். பாதையிலிருந்து விலகி இருக்கிறது என்றாலும் அதைச் சொல்லாமல் தாண்டிப் போக மனமில்லை. காகித ஆலை ஒன்று தன் தேவைக்குக் கட்டிய கான்கிரீட் அணை 1911 செப்டம்பர் 30 அன்று உடைந்தது. வெள்ளத்தில் 78 பேர் செத்தார்கள். அணையின் உடைந்த சுவர்கள் இன்னமும் அங்கே நிற்கின்றன.

மரம் போன காடுகளிலோ, வெட்டிப் போட்ட கிளைகளும் சருகும் காய்ந்து குவிந்து கிடக்க, இன்ஜின் பொறி பட்டு மலை மலையாக எரிந்தது. பென்சில்வேனியா பாலைவனம் என்று அன்றைய ஆட்களே பெயர் வைத்தார்கள். யாருக்கும் வேண்டாத அந்தக் கரிக்காட்டை மாநில அரசு 1898 முதல் சல்லிசு விலைக்கு வாங்கிச் சேர்த்தது. மருத்துவரும் தாவரவியலாளருமான ஜோசப் ராத்ராக் அதற்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். 1933இல் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலையில்லா இளைஞர்களைக் கொண்டு அமெரிக்க அரசு அமைத்த சி.சி.சி. முகாம்கள் இங்கேயும் வந்தன. அவர்கள் மரம் நட்டார்கள், பூங்கா கட்டினார்கள், தீயணைப்புப் பாதைகள் போட்டார்கள்.

1960களின் பிற்பகுதியில் இந்த வட்டப்பாதையை உருவாக்கியவர்கள் புதிதாக அதிகம் வெட்டவில்லை. பழைய ரயில் தடம், தீயணைப்புப் பாதை, மரம் இழுத்த தடம் என்று கிடந்த துண்டுகளைக் கோத்தார்கள். பள்ளத்தாக்கில் சில இடங்களில் பாதை திடீரென்று சீரான சரிவோடு போகும். காட்டுக்குள் ஏது இவ்வளவு ஒழுங்கு என்று குனிந்து பார்த்தால், தரையில் சம இடைவெளியில் மெல்லிய மேடு பள்ளம் தெரியும். தண்டவாளக் கட்டைகள் கிடந்து மக்கிய இடம் அது. இப்போது பாசியும் பெரணியும் மூடியிருக்கின்றன. களைத்த கால் கண்ணுக்கு முன்பே அதைக் கண்டுபிடித்துவிடும், ஒவ்வொரு மேட்டிலும் தட்டுவதால்.

மான் தின்னாத செடி

கண்ணுக்கெட்டிய வரை ஒரே வகைப் பெரணி விரிந்து கிடப்பதைப் பார்த்துப் படம் எடுக்காதவர் குறைவு. அழகுதான். காட்டிலாகாக்காரரிடம் அந்தப் படத்தைக் காட்டினால் உதட்டைப் பிதுக்குவார். மரங்களோடு மானையும் துடைத்து வழித்த தேசம் இது. 1900 வாக்கில் பென்சில்வேனியாவில் மான் அநேகமாக இல்லை. ஓநாயையும் மலைச் சிங்கத்தையும் அதற்கு முன்பே தீர்த்துவிட்டார்கள். 1895இல் அமைந்த வேட்டை விலங்கு வாரியம் 1906 முதல் வெளிமாநிலத்திலிருந்து மான்களை வாங்கிவந்து விட்டது. வெட்டிய காட்டில் இளந்தளிர் ஏராளம், மானைத் தின்ன வரும் மிருகம் எதுவும் இல்லை, பெண் மானைச் சுடத் தடை. இரண்டு தலைமுறைக்குள் மான் பெருகி, காடு முளைக்க முளைக்க மேய்ந்து தள்ளியது. மேப்பிள் கன்றைத் தின்றது, ஹெம்லாக் கன்றைத் தின்றது. வைக்கோல் வாசம் வீசும் இந்தப் பெரணியை மட்டும் வாயில் வைக்கவில்லை. போட்டியில்லாமல் பெரணி பரவியது. அதன் அடர்ந்த நிழலுக்கு அடியில் புதுக்கன்று தலையெடுப்பதும் கஷ்டம். இன்றைக்கும் சில பகுதிகளில் மான் நுழையாதபடி உயரமான வேலி போட்டுத்தான் கன்றுகளை வளர்க்கிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் பெரணி, அந்தப் பக்கம் ஆளுயரக் கன்றுகள். ஒரு கம்பி வலைதான் இடையில்.

புதர் மேலும் மண்டுவதற்கு இப்போது புதுக் காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. ஆசியாவிலிருந்து சரக்குப் பெட்டிகளோடு வந்த மரகத நிற வண்டு ஒன்று ஆஷ் மரங்களைக் குடைந்து கொல்கிறது. 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது, 2007இல் பென்சில்வேனியாவுக்கு வந்துவிட்டது. பீச் மரங்களைப் பட்டை நோய் அரிக்கிறது. பெரிய மரம் பட்டால் மேலே ஓட்டை விழும், அதன் வழியே வெயில் இறங்கும், வெயில் பட்ட இடத்தில் ஒரே கோடையில் பிளாக்பெர்ரி முள் வேலி கட்டிவிடும். பாதைக்காரர்களுக்கு இதில் கூடுதல் தொல்லை. பட்ட மரம் பாதையின் குறுக்கே விழும். ஆரஞ்சுப் பட்டை பூசிய மரமே விழுந்தால் குறியும் சேர்ந்து குப்புறக் கவிழும்.

பழைய காடு எப்படி இருந்தது என்று பார்க்க இன்னும் ஓர் இடம் மிச்சமிருக்கிறது. பாதை ஹாமர்ஸ்லி என்ற பகுதிக்குள் நுழையும்; சுமார் 30,000 ஏக்கர், உள்ளே வண்டிச்சாலை கிடையாது. ஏறக்குறைய பத்து மைல் சாலையையே கடக்காமல் நடக்கலாம், கிழக்கு அமெரிக்காவில் அது அபூர்வம். அங்கிருந்து பிரியும் ஒரு கிளைப்பாதை டட்லிங்கர் இயற்கைப் பகுதிக்குக் கூட்டிப் போகும். அங்கே 150 ஏக்கர் சொச்சத்தில் கோடரி படாத ஹெம்லாக்குகள் நிற்கின்றன. யாரோ புண்ணியவான் இரக்கப்பட்டு விட்டுவைத்தார் என்று நினைக்க வேண்டாம். இரண்டு மரக் கம்பெனிகளுக்குள் எல்லைத் தகராறு. யாருடைய நிலம் என்று தீராததால் யாரும் வெட்டவில்லை. வரப்புச் சண்டையால் நன்மை விளைந்ததாக நான் அறிந்தது இந்த ஒன்றுதான். அந்த மரங்களுக்கு அடியில் நின்றால் இன்னொன்றும் புரியும்: புதரே இல்லை. அடர்ந்த நிழலில் ஊசியிலைச் சருகு மட்டும். பாதையை மறைக்கிற இந்தப் பச்சை முழுவதும் வெட்டியதற்கு அப்புறம் வந்த பச்சை.

பாம்பும் உண்ணியும்

கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது கிலுகிலுப்பைப் பாம்பைப் பற்றித்தான். உண்டு, விஷமும் உண்டு. கோடையில் சினைப் பாம்புகள் வெயில் படும் பாறைகளில் படுத்துக் கிடக்கும், குட்டிக்குச் சூடு வேண்டும் என்பதற்காக. பெட்டைப் பாம்பு மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் குட்டி போடும். ஒன்றைக் கொன்றால் பல வருடக் கணக்குக் குறைந்துபோகும் என்பதால் அதைப் பிடிக்க மாநிலத்தில் உரிமமும் வரையறையும் வைத்திருக்கிறார்கள். மஞ்சளாக ஒன்று, கரியதாக ஒன்று என்று இரண்டு நிறத்தில் வரும். பெரும்பாலும் சத்தம் போடாமலே கிடந்துவிடும். பெரணி மறைத்த இடத்தில் கையூன்றுகோலை முன்னால் நீட்டித் தரையைத் தட்டியபடி நடந்தால் அது தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். மரம் குறுக்கே கிடந்தால் அதன்மேல் ஏறி நின்று மறுபக்கம் பார்த்த பிறகே காலை இறக்க வேண்டும். இந்தப் பழக்கம் ஒரே நாளில் வந்துவிடும்.

நான் பயப்படுவது உண்ணிக்கு. மான் உண்ணியின் இளம் பருவம் கசகசா அளவுதான் இருக்கும். மே முதல் ஜூலை வரை அதன் ராஜ்ஜியம். லைம் நோய்க் கிருமியை எலியிடமிருந்து வாங்கி மனிதனுக்குக் கொடுப்பது இதுதான். அந்த நோய் அதிகம் பதிவாகும் மாநிலங்களில் பென்சில்வேனியா எப்போதும் முன்வரிசையில். உடம்பில் ஒட்டியதும் நோய் ஏறிவிடாது, பொதுவாக ஒரு நாளுக்கு மேல் கடித்துத் தொங்க வேண்டும். ஆகவே இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு கூடாரத்துக்குள் உட்கார்ந்து, முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி, அக்குள், காதின் பின்புறம் எல்லாம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்ததைக் கூர்முனைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து தெளித்த முழுக்கால் சட்டை, அதை உள்ளே விட்டு மேலே இழுத்துவிட்ட காலுறை. பார்க்கச் சகிக்காது. வுட் நெட்டிலுக்கும் அதுவே மருந்து என்பதால் வெட்கத்தை விட்டுவிடலாம்.

கருங்கரடிகள் உண்டு, மனிதனைக் கண்டால் பெரும்பாலும் ஓடிவிடும், சாப்பாட்டு மூட்டையைக் கண்டால் ஓடாது. மூட்டையைக் கயிற்றில் கட்டிக் கிளையில் உயரத் தூக்கிவிட வேண்டும். முள்ளம்பன்றிக்கு உப்பு என்றால் உயிர். வியர்வை ஊறிய பை வாரையும் பூட்ஸையும் வெளியில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் கொறித்து வைத்திருக்கும்.

இரவு தங்க அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை, ஒரே இடத்தில் ஓர் இரவுக்கு மேல் தங்காதவரை. நடுவில் ஓல் புல் என்ற பெயரில் ஒரு மாநிலப் பூங்கா வரும். நார்வேயின் புகழ்பெற்ற வயலின் வித்வான் அவர். 1852இல் பதினோராயிரம் ஏக்கருக்கு மேல் வாங்கி, தன் நாட்டு மக்களைக் கொண்டுவந்து குடியேற்றிப் புது நார்வே அமைக்கப் பார்த்தார். மேடும் பள்ளமும் மரமுமான அந்த நிலத்தில் உழுது பிழைக்க முடியவில்லை. மறு வருடமே கலைந்தது. வித்வான் மறுபடி கச்சேரிக்குப் போய்விட்டார். குடியேறியவர்களுக்குப் போக்கிடம் அவ்வளவு எளிதாகக் கிடைத்திருக்காது.

ரம்பத்தோடு வருகிறவர்கள்

பாதையைத் திறந்து வைத்திருப்பது தன்னார்வலர்கள். சஸ்குவஹானக் ட்ரெயில் கிளப் என்ற உள்ளூர் சங்கம். மாநில அளவில் 1956இல் தொடங்கிய கீஸ்டோன் ட்ரெயில்ஸ் அசோசியேஷன். வனத்துறைக்கு நிலம் சொந்தம், ஆனால் 84 மைலுக்கும் செடி வெட்ட அதனிடம் ஆள் ஏது? அரிவாளும் இழுப்பு ரம்பமும் பெயின்ட் டப்பாவும் தூக்கிக்கொண்டு வார இறுதியில் வருகிறவர்களில் நரைத்த தலைகளே அதிகம். ஜூனில் வெட்டிய இடத்தை ஆகஸ்டில் வந்து பார்த்தால் வெட்டிய சுவடே இருக்காது. எல்லா மைலையும் ஒரே கோடையில் முடிக்கவும் முடியாது. கார் நிறுத்துமிடங்களுக்குப் பக்கத்தில் பாதை ஓரளவு சுத்தமாகவும், ஹாமர்ஸ்லியின் நடுவில் புதராகவும் இருப்பது அதனால்தான். ரம்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு அரை நாள் நடந்த பிறகுதான் அங்கே முதல் மரத்தையே அறுக்க முடியும்.

அக்டோபரில் போங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இலை சிவக்கும், உண்ணி குறையும், பெரணி படுத்துவிடும், தூரத்து மலை தெரியும். நியாயமான யோசனை. இருந்தாலும் இந்தக் காட்டை ஒருமுறையாவது ஜூலையில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. மேட்டில் புளூபெர்ரி பழுத்திருக்கும், பறித்துத் தின்றபடி நடக்கலாம், கரடியும் அதற்குத்தான் வரும். வட்டத்துக்கு அருகே செர்ரி ஸ்பிரிங்ஸ் பூங்கா இருக்கிறது. மின்விளக்கு வெளிச்சம் இல்லாத வானத்துக்காக 2008இல் சர்வதேச அங்கீகாரம் பெற்ற இடம். பால்வீதி கோடை இரவுகளில் அங்கே தலைக்கு மேல் வரும். எல்லாவற்றையும்விட, அக்டோபரில் பாதை தானாகவே இருப்பதுபோல் தெரியும். ஜூலையில் போனவருக்குத்தான் அதை யாரோ வெட்டி வைத்திருக்கிறார்கள் என்பது உறைக்கும்.

முழு வட்டத்தையும் நடந்து முடித்தவர்களுக்குச் சங்கம் துணியில் தைத்த ஒரு பட்டை கொடுக்கிறது, பையில் தைத்துக்கொள்ளலாம். அதைக் கேட்டு எழுதும்போது, எந்த ஓடைக்குப் பக்கத்தில் எவ்வளவு பருமனான மரம் குறுக்கே கிடக்கிறது, எந்த இடத்தில் ஆரஞ்சுக் குறி காணவில்லை என்பதையும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது. எந்த ரம்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று அவர்கள் முடிவு செய்ய அது உதவும்.